ம 40: பூக்கடைக்கு ஒரு எழுத்துப் பலகை செய்யும் வழி

சித்தி தெற்கு மாசி வீதியில் தள்ளுவண்டி போட்டுப் பூ விற்கிறார். வண்டியின் முன்பக்கம் ஒரு சிலேட்டு தொங்கும். ‘மல்லி 40, பிச்சி 30’ என்று சாக்பீஸில் எழுதியிருப்பார். பூ வாடாமல் இருக்க நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். அதில் பாதி சிலேட்டில் விழும். நாற்பது வழிந்து நாலாகும். சாயங்காலம் கோயிலுக்குக் கூட்டம் வரும் நேரத்தில் எழுத்தே தெரியாது. “முழம் எவ்வளவுக்கா?” என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். பதில் சொல்லியே வாய் வலிக்கும், கட்டிக்கொண்டிருந்த பூ கையிலேயே நிற்கும்.

அந்தச் சிலேட்டுக்குப் பதிலாக நான் செய்து கொடுத்த ஒளிரும் பலகையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். நான்கே கட்டங்கள். முதல் கட்டத்தில் பூவின் தமிழ் எழுத்து, அடுத்தது காலி, கடைசி இரண்டில் விலை. ‘ம 40’ மூன்று விநாடி, ‘ப 30’ மூன்று விநாடி என்று மாறி மாறி வரும். விலையை ஏற்றவும் இறக்கவும் இரண்டு பொத்தான்கள். அர்டுயினோவில் (நிரல் எழுதி ஏற்றக்கூடிய சின்ன மின்னணு போர்டு) ஒரு எல்இடியை மின்ன வைத்துப் பார்த்த அனுபவம் இருந்தால் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். அதுவும் இல்லாதவர்கள் சனிக்கிழமை சாயங்காலமே தொடங்கிவிடுங்கள்.

வாங்க வேண்டியவை

ஒரு அர்டுயினோ நானோ போர்டு. ஊனோ இருந்தால் அதுவும் சரி, ஆனால் டப்பாவுக்குள் அடங்க நானோதான் வசதி. நான்கு கட்டம் கொண்ட பதினான்கு துண்டு டிஸ்ப்ளே ஒன்று (ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாக எரியும் பதினான்கு சின்னக் கோடுகளால் ஆனது). கடையில் ‘ஆல்ஃபாநியூமெரிக் டிஸ்ப்ளே, ஹெச்டி16கே33 மாட்யூல்’ என்று கேளுங்கள். அழுத்துப் பொத்தான் இரண்டு, பிரெட்போர்டு (ஈயம் வைக்காமல் கம்பிகளைச் செருகிக் கோக்கும் பலகை) ஒன்று, கொஞ்சம் ஜம்பர் வயர். சால்டரிங் அயர்ன், ஈயம். இவற்றோடு தரவும் கடத்துகிற யுஎஸ்பி கேபிள் ஒன்று. சார்ஜ் மட்டுமே ஏற்றும் கேபிள்கள் வீட்டுக்கு நாலு கிடக்கும். அவற்றில் போர்டின் விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்கு மட்டும் போர்டு கண்ணில் படாது. புதிதாக வருகிறவர்கள் முதல் அரை நாளைத் தொலைப்பது பெரும்பாலும் இதில்தான்.

கடைக்காரர் உங்களிடம் ஏழு துண்டு டிஸ்ப்ளேயைத் தள்ளிவிடப் பார்ப்பார். விலை குறைவு, எப்போதும் கையிருப்பில் இருக்கும். கடிகாரத்துக்கு அது போதும். நமக்கு ஆகாது. அதில் நடுவே செங்குத்துக் கோடும் கிடையாது, சாய்கோடும் கிடையாது. ஆங்கிலத்தில் எம், டபிள்யூ, எக்ஸ் எல்லாம் அதில் திணறும். தமிழ் ம வரவே வராது.

ஹெச்டி16கே33 என்பது ஹோல்டெக் என்ற தைவான் நிறுவனத்தின் சில்லு. அது எதற்கு என்று கேட்டால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டத்துக்குப் பதினான்கு துண்டு, ஒரு புள்ளி, ஆகப் பதினைந்து. நான்கு கட்டத்துக்கு 60 எல்இடி. நேராக நானோவோடு கோத்தால் துண்டுகளுக்கு 15 கால், கட்டங்களுக்கு 4 கால் என்று 19 கால்கள் போய்விடும். பொத்தானுக்கு இடம் இருக்காது. துண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் வேறு. இந்தச் சில்லு 128 எல்இடி வரை தானே பார்த்துக்கொள்ளும், மின்னோட்டத்தையும் தானே அளவாக வைத்துக்கொள்ளும். நமக்கு நான்கே கம்பிகள் போதும்.

ஈயம் வைக்கும் முன் புள்ளியைப் பாருங்கள்

மாட்யூல் சில சமயம் மூன்று உதிரியாக வரும்: பச்சை போர்டு, டிஸ்ப்ளே கட்டிகள், கால் வரிசை. டிஸ்ப்ளேயைப் போர்டில் செருகும்போது மேல் எது, கீழ் எது என்று ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். ஒவ்வொரு கட்டத்தின் கீழ் ஓரத்திலும் ஒரு புள்ளி இருக்கும். போர்டில் அச்சிட்ட படத்திலும் அந்தப் புள்ளி இருக்கும். இரண்டும் ஒரே பக்கம் வர வேண்டும்.

நான் முதல் மாட்யூலில் ஒரு கட்டியைத் தலைகீழாக வைத்து, பதினெட்டு கால்களுக்கும் அழகாக ஈயம் வைத்து முடித்த பிறகுதான் கவனித்தேன். கழற்றப் போய்ச் செம்புப் பட்டையும் சேர்ந்து உரிந்து வந்தது. அந்த மாட்யூல் இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது. எனவே முதலில் இரண்டு ஓரக் கால்களுக்கு மட்டும் ஈயம் வையுங்கள். திருப்பிப் பாருங்கள். சரியாக இருந்தால் மற்றவை.

கம்பி கோப்பது

நானோவின் 5 வோல்ட் காலிலிருந்து மாட்யூலின் விசிசி. கிரவுண்டிலிருந்து கிரவுண்ட். ஏ4 காலிலிருந்து எஸ்டிஏ. ஏ5 காலிலிருந்து எஸ்சிஎல். சில மாட்யூல்களில் ஐந்தாவதாக ‘வி ஐ2சி’ என்று ஒரு கால் இருக்கும். அதையும் 5 வோல்ட்டில் கொடுத்துவிடுங்கள். சும்மா விட்டால் டிஸ்ப்ளே இருட்டாகவே இருக்கும், காரணமும் பிடிபடாது.

பொத்தான்கள்: ஒன்று டி2-க்கும் கிரவுண்டுக்கும் நடுவே, இன்னொன்று டி3-க்கும் கிரவுண்டுக்கும் நடுவே. தனியாக ரெசிஸ்டர் வேண்டாம். நானோவுக்குள்ளேயே புல்-அப் (அழுத்தாதபோது கால்களை 5 வோல்ட்டில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) இருக்கிறது, அதை நிரலில் இயக்கிக்கொள்ளலாம். அப்படிச் செய்யும்போது வாசிப்பு தலைகீழாக வரும்: அழுத்தாதபோது 1, அழுத்தினால் 0. இதை மறந்துவிட்டால் யாரும் தொடாமலே விலை ஏறிக்கொண்டு போகும்.

நான்கு கால் பொத்தானில் இரண்டிரண்டு கால்கள் உள்ளுக்குள்ளே ஏற்கெனவே சேர்ந்திருக்கும். எது எதோடு என்று குழப்பமாக இருந்தால், குறுக்கே எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு கால்களை எடுத்துக்கொள்ளுங்கள். எப்படித் திருப்பி வைத்தாலும் அவை சரியாக இருக்கும்.

முதல் வெளிச்சம்

கம்ப்யூட்டரில் அர்டுயினோ மென்பொருளைத் திறந்து, லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) மேலாளரில் ‘அடாஃப்ரூட் எல்இடி பேக்பேக்’ என்று தேடுங்கள். நிறுவும்போது இன்னும் இரண்டு மூன்று லைப்ரரிகளையும் சேர்த்து நிறுவட்டுமா என்று கேட்கும். எல்லாவற்றுக்கும் சரி என்று கொடுங்கள். வேண்டாம் என்றால் பிறகு பிழைச் செய்தி மழையாகக் கொட்டும்.

அந்த லைப்ரரியின் உதாரணங்களில் ‘குவாட் ஆல்ஃபாநம்’ என்று ஒன்று இருக்கிறது. அதை அப்படியே நானோவில் ஏற்றுங்கள். விலை குறைந்த நானோக்களில் ‘நாட் இன் சிங்க்’ என்று திட்டிவிட்டு ஏற மறுக்கலாம். டூல்ஸ் பட்டியலில் புராசசர் என்ற இடத்தில் ‘ஓல்டு பூட்லோடர்’ என்பதைத் தேர்ந்தெடுத்து மறுபடி ஏற்றுங்கள். போர்ட் பட்டியலே காலியாக இருந்தால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள், பிறகு சிஹெச்340 டிரைவரை (நானோவின் யுஎஸ்பி சில்லைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் மென்பொருள்).

ஏறியவுடன் நான்கு கட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாத் துண்டுகளோடும் எரிந்து அணையும். இந்த நேரத்தில் ரசித்துக்கொண்டிருக்காமல் உற்றுப் பாருங்கள். எரியாத துண்டு ஏதாவது இருந்தால் அந்தக் காலில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. பிறகு எழுத்துகள் ஓடும். அதற்கப்புறம் சீரியல் மானிட்டரை (போர்டோடு எழுத்தில் பேசும் ஜன்னல்) 9600 வேகத்தில் திறந்து ஆங்கிலத்தில் எதையாவது தட்டினால் டிஸ்ப்ளேயில் வரும். நான் தட்டிய முதல் வார்த்தை நான்கு எழுத்து வண்டி நம்பர் முன்னொட்டு: டி, என், 5, 9. மதுரை வடக்கு.

ஒன்றுமே வரவில்லையா? எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டையும் இடம் மாற்றிக் கோத்திருப்பீர்கள். அதுவும் சரி என்றால் ‘ஐ2சி ஸ்கேனர்’ என்ற சின்ன ஸ்கெட்ச்சை (அர்டுயினோ நிரலை இப்படித்தான் சொல்வார்கள்) ஓட்டிப் பாருங்கள். மாட்யூல் உயிரோடு இருந்தால் ஹெக்ஸ் கணக்கில் 70 என்று முகவரி சொல்லும், சாதாரணக் கணக்கில் 112. 71, 72 என்று வேறு ஏதாவது சொன்னால் மாட்யூலின் பின்பக்க முகவரித் திட்டுகளில் ஈயம் சிந்தி ஒட்டியிருக்கிறது. ஒன்று துடையுங்கள், அல்லது நிரலில் அந்த எண்ணையே கொடுத்துவிடுங்கள்.

எழுத்துக்குப் பின்னால் ஒரு எண்

இந்த வேலையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான், இங்கே கொஞ்சம் நின்று போகிறேன்.

லைப்ரரிக்கு ஆங்கில எழுத்துகள் தெரியும். தமிழ் தெரியாது. ஆனால் உதாரண ஸ்கெட்ச்சில் ‘ரைட் டிஜிட் ரா’ என்று ஒரு கட்டளை வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு எழுத்தே வேண்டாம். எந்தக் கட்டம், என்ன எண் என்று இரண்டைக் கொடுத்தால் போதும். கட்டங்கள் இடமிருந்து 0, 1, 2, 3. எண் என்பது எரிய வேண்டிய துண்டுகளின் கூட்டல். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மதிப்பு:

மேல் படுக்கைக் கோடு 1
வலது மேல் 2
வலது கீழ் 4
கீழ் படுக்கைக் கோடு 8
இடது கீழ் 16
இடது மேல் 32
நடுக்கோட்டின் இடது பாதி 64
நடுக்கோட்டின் வலது பாதி 128
மேல் இடது சாய்கோடு 256
மேல் நடு செங்குத்து 512
மேல் வலது சாய்கோடு 1024
கீழ் இடது சாய்கோடு 2048
கீழ் நடு செங்குத்து 4096
கீழ் வலது சாய்கோடு 8192
புள்ளி 16384

முதலில் ட. இடது பக்கம் மேலிருந்து கீழ், பிறகு அடிக்கோடு. 32, 16, 8. மொத்தம் 56. ஆங்கில எல்லுக்கும் இதே 56-தான். சில்லுக்கு இரண்டும் ஒன்று. அடுத்து ப: ட-வோடு வலது பக்கமும் ஏற வேண்டும். 56, 4, 2. மொத்தம் 62. இதுவரை ஏழு துண்டிலேயே வந்துவிடும்.

ம-வில்தான் வேலை இருக்கிறது. காகிதத்தில் ம எழுதிப் பாருங்கள். இடது கோடு இறங்கி, அடியில் ஓடி, வலது பக்கம் ஏறி, மேலே வளைந்து, உள்பக்கமாக இறங்கும். அந்த வளைவை முழு உயரத்துக்குச் செய்ய முடியாது. காரணம், மேல் கோடு ஒரே துண்டு. எரிந்தால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எரியும், பாதி எரியாது. பாதியாகப் பிளந்திருப்பது நடுக்கோடு மட்டும்தான். ஆகவே வளைவை நடுக்கோட்டு உயரத்தில் முடித்துக்கொள்வோம்: ட, அதன் வலது கீழ் மூலையில் ஒரு குட்டிப் பெட்டி. 56-உடன் வலது கீழ் 4, நடு வலது 128, கீழ் நடு 4096. மொத்தம் 4284. உதாரண ஸ்கெட்ச்சில் அந்தக் கட்டளைக்கு 0, 4284 என்று கொடுத்து, அடுத்த வரியில் ‘ரைட் டிஸ்ப்ளே’ கட்டளையைப் போடுங்கள். இரண்டாவது கட்டளை இல்லாமல் முதல் கட்டளை எதையும் காட்டாது. எழுதி மடித்து வைத்த கடிதத்தைத் தபாலில் போடாத மாதிரி.

சித்தியிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “ம தான்டா, சின்னப் புள்ள எழுதுன மாதிரி இருக்கு” என்றார். எனக்கு அது போதும்.

எண்களிலும் ஒரு வம்பு உண்டு. லைப்ரரி தரும் பூஜ்யத்துக்கு நடுவே ஒரு சாய்கோடு ஓடும், ஆங்கில ஓவிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக. தெருவில் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அது எட்டாகத் தெரியும். முதல் நாளே ஒரு அம்மா, “என்னக்கா, முழம் நாப்பத்தெட்டா? நேத்து நாப்பதுதானே?” என்று சண்டைக்கு வந்துவிட்டார். ஐந்தும் சாய்கோட்டோடு ஒரு மாதிரி வரும். அதனால் பத்து எண்களையும் நானே கூட்டி ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டேன். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை வரிசையாக:

63, 6, 219, 207, 230, 237, 253, 7, 255, 239.

நம்பி எடுத்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டை நீங்களே கூட்டிச் சரிபார்த்தால் துண்டுகளின் மதிப்பு மனதில் பதியும்.

நிரலின் போக்கு

உதாரண ஸ்கெட்ச்சின் மேல்பகுதியை வைத்துக்கொண்டு, லூப் பகுதியைக் காலி செய்துவிடுங்கள். பிறகு இப்படி எழுதிக்கொண்டு போகலாம்.

மேலே, இரண்டு எண் கொண்ட ஒரு எழுத்துப் பட்டியல்: 4284, 62. இரண்டு எண் கொண்ட ஒரு விலைப் பட்டியல். இப்போது எந்தப் பூ என்று சொல்ல ஒரு மாறி, 0 அல்லது 1. காட்டும் வேலைக்கு ஒரு தனி ஃபங்ஷன்: கட்டம் 0-இல் பூவின் எழுத்து, கட்டம் 1-இல் வெறும் 0 (எதுவும் எரியாது), கட்டம் 2-இல் விலையைப் பத்தால் வகுத்த ஈவு, கட்டம் 3-இல் மீதி. ஈவையும் மீதியையும் நேராகப் போடக் கூடாது. மேலே கூட்டி வைத்த பத்து எண் பட்டியலில் அந்த இடத்து எண்ணை எடுத்துப் போட வேண்டும்.

மூன்று விநாடிக்கு ஒரு முறை மாற வேண்டும் என்றதும் எல்லாருக்கும் ‘டிலே 3000’ போடத்தான் கை போகும். போடாதீர்கள். டிலே ஓடும் மூன்று விநாடியும் நானோ காது கேளாமல் உட்கார்ந்திருக்கும், பொத்தானை அழுத்தினால் தெரியாது. பதிலாக ‘மில்லிஸ்’ என்ற கடிகாரத்தைப் பயன்படுத்துங்கள். கடைசியாகப் பூ மாறிய நேரத்தை ஒரு மாறியில் குறித்து வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள். 3000-ஐத் தாண்டினால் பூவை மாற்றி, நேரத்தைப் புதிதாகக் குறியுங்கள். அந்த மாறி ‘அன்சைன்டு லாங்’ வகையாக இருக்கட்டும்; சாதாரண ‘இன்ட்’ வைத்தால் அரை நிமிடம் தாண்டியதுமே நிரம்பிக் கணக்கு உதைக்கும்.

டி2 அழுத்தினால் அப்போது தெரிகிற பூவுக்கு 5 ரூபாய் கூடும். டி3 அழுத்தினால் 5 குறையும். 10-க்குக் கீழும் 95-க்கு மேலும் போகாமல் தடுப்பு. ஒவ்வொரு அழுத்தலுக்கும் பிறகு 200 மில்லி விநாடி டிலே வையுங்கள். பொத்தான் உள்ளே அதிரும்போது ஒரு அழுத்தல் நாலாகத் தெரியும், அதற்கு இது மருந்து. கூடவே பூ மாறும் நேரத்தையும் புதிதாகக் குறித்துவிடுங்கள். இல்லையென்றால் மல்லிக்கு விலை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே பலகை பிச்சிக்குத் தாவி, பிச்சி விலை ஏறிவிடும்.

கடைசியாக, ஞாபகம். கரண்ட் போனால் விலை மறந்துபோகக் கூடாது. நானோவுக்குள் 1024 பைட் ஈப்ராம் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) இருக்கிறது, அதில் இரண்டு பைட் நமக்குப் போதும். ஒரு இடத்தில் சுமார் ஒரு லட்சம் முறைதான் எழுதலாம் என்பதால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் எழுத வேண்டாம். கடைசி அழுத்தலிலிருந்து ஐந்து விநாடி ஆன பிறகு ஒரே தரம் எழுதுங்கள். அதற்கு ‘அப்டேட்’ என்ற கட்டளை நல்லது, மதிப்பு மாறியிருந்தால்தான் எழுதும். புது நானோவில் ஈப்ராம் காலியாக இருக்கும்போது 255 என்று வாசிக்கும். தொடக்கத்தில் வாசித்த எண் 95-க்கு மேல் இருந்தால் 30 என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வெயில், தண்ணீர், பவர் பேங்க்

மேசையில் ஓடுவது வேறு, மாசி வீதியில் ஓடுவது வேறு.

மதுரை மத்தியான வெயிலில் சிவப்பு எல்இடி வெளிறிப் போகும். பிரகாசத்தை 0 முதல் 15 வரை வைக்கலாம், வெளியில் 15-தான். அதைவிட உதவியது ஒரு சிவப்புக் கலர் கண்ணாடித் தாள். பரிசுப் பொருள் சுற்றுகிற அதே தாள். டிஸ்ப்ளே மேல் ஒட்டினால் எரியாத துண்டுகளின் வெள்ளை மறைந்து, எரிகிறவை மட்டும் எடுப்பாகத் தெரியும். மேலே அட்டையில் இரண்டு அங்குலம் கூரை மாதிரி நீட்டிவிட்டேன். இரவில் 15 கண்ணைக் குத்தும் என்று சித்தி சொன்னதால் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் 4-க்கு இறங்குமாறு பிறகு சேர்த்தேன்.

தண்ணீர்தான் பெரிய எதிரி. டப்பாவாக மூடி இறுக்கமாகப் பூட்டுகிற பிளாஸ்டிக் டப்பா எடுத்துக்கொண்டேன். பொத்தான்களைப் பக்கவாட்டில் வைத்து, மேலே சைக்கிள் ட்யூப் துண்டு ஒட்டினேன். ரப்பருக்கு மேலேயே அழுத்தலாம். கேபிள் வரும் துளை டப்பாவின் அடிப்பக்கம் இருக்க வேண்டும், மேலே இருந்தால் வயரைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் உள்ளே இறங்கும்.

பவர் பேங்கில் ஓட்டினால் ஒரு விசித்திரம் நடக்கலாம்: அரை நிமிடம் எரியும், தானாக அணையும். பலகையில் குற்றமில்லை. இவ்வளவு குறைவாக மின்சாரம் இழுத்தால் பல பவர் பேங்க்குகள் ஃபோன் சார்ஜ் ஏறி முடிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடும். இயர்ஃபோன், வாட்ச் போன்றவற்றுக்காகக் குறைந்த மின்னோட்ட வசதி உள்ள பவர் பேங்க்குகள் கிடைக்கின்றன, கேட்டு வாங்குங்கள். நான் இது தெரியாமல் நிரலை இரண்டு நாள் புரட்டிக்கொண்டிருந்தேன்.

கனகாம்பரத்தையும் சேர்க்கச் சொல்லிச் சித்தி கேட்டார். மேல் கோடு, நடுத் தண்டு, குறுக்கே ஒரு கோடு, கீழே இரண்டு கால், அடிக்கோடு என்று கூட்டி 4829 போட்டேன். “இது என்னடா, டேபிள் ஃபேனா?” என்றார். அடிக்கோட்டை எடுத்து 4821 போட்டேன். ஸ்டூல் மாதிரி இருந்தது. பதினாறு துண்டு டிஸ்ப்ளேயில் மேல் கோடும் அடிக்கோடும் இரண்டாகப் பிளந்திருக்கும், க-வின் இடது சுழியை அதில் மூடிவிடலாம். அது கைக்கு வரும்வரை கனகாம்பரத்தின் விலையைச் சித்தி வாயால்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.